எதிர்வீட்டுச் சிரிப்பான்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். பெய்யவும் மாட்டேன் என்கிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது. நான் பரவாயில்லை. நிற்கக் கூடாது என்று டாக்டர் தெளிவாக எழுதியே கொடுத்துவிட்டார்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே விரிசல். மாவுக்கட்டு (இனி மா.க.). ஆகஸ்ட் கடைசி வரை.

காரணம், வரலாற்றுக்காக: காலேஜ் கெமிஸ்ட்ரி லேப் பரண்மேல் குட்டி ஸ்பீக்கர். அதிலிருந்து பேய்ச் சிரிப்பு. குரல் நானே. லூர்து சிஸ்டர் கையிலிருந்த பிப்பெட் கீழே விழுந்தவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு ஸ்பீக்கரை எடுக்க ஸ்டூல்மேல் ஸ்டூல். பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். எனக்கு ஒன்று மிச்சம்.

தண்டனை: போன் பறிமுதல். பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம். மா.க. பிரிக்கும் வரை யாருக்கும் போன் செய்யமாட்டேன், எவர் போனிலிருந்தும். அந்த ‘எவர் போனிலிருந்தும்’ அம்மா சேர்த்தது. நர்ஸ் அல்லவா, ஓட்டை எங்கே என்று பார்த்துக் குத்துவாள்.

இதைத் தமிழில் எழுதுவது ஏன்: அம்மா கன்னட மீடியம். தமிழில் திட்டுவாள், ஜெபம் சொல்லுவாள், படிக்க வராது. அப்பாவுக்கு வரும், ஆனால் பில்லைத் தவிர எதையும் படிக்கமாட்டார். ஆபத்து ஒன்றுதான். என்னைப் பார்த்துக்கொள்ள ஆம்பூரிலிருந்து வந்திருக்கும் சித்தி. பேப்பரில் வரும் வரன் விளம்பரம்கூட விடாமல் படிப்பவள். ஆகவே நோட்டு தலையணை உறைக்குள்.

இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒரு கட்டில், ஒரு சன்னல். கை நீட்டினால் துணியை எடுத்துவிடலாம் என்கிற தூரத்தில் எதிர்வீட்டுச் சன்னல், எப்போதும் நீலத் திரை. நடுவில் இருக்கும் சந்துக்குப் பெங்களூர் மர்பி டவுனில் பெயர் ‘கிராஸ் ரோடு’.

காலாண்டுத் தேர்வு வரும். இருப்பதும் ஒரு கால். கணக்கு சரி.

ஜூலை 8, செவ்வாய்

யாரோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

காலையில் சித்தி என்னைத் தாங்கிக்கொண்டு பாத்ரூமுக்கு. ஊன்றுகோல் வழுக்கி நான் “ஐயோ” என்றதும் நீலத் திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. மெதுவாக ஆரம்பித்து, ஏறி, ஏறி, ஒரு லேடீஸ் ஹாஸ்டலே சேர்ந்து சிரித்த மாதிரி. அப்புறம் பாதியில் நின்றது. யாரோ வாயைப் பொத்தியது போல.

சித்திக்கும் கேட்டது. “இன்னாடி இது, டி.வி.யா?”

அந்த வீட்டில் இருப்பது ஸ்டேன்லி அங்கிள் (ஸ்.அ.) மட்டும். மீன் தொட்டி வியாபாரம், எல்லாம் ஆன்லைனில். ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை நீட்டுவார். அம்மா பிறந்தநாளுக்குப் பிளம் கேக் கொடுத்தார். சிரித்து நான் பார்த்ததில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். “எதிர்வீட்டுல யாரோ சிரிக்கிறாங்கப்பா.”

“லேப்ல சிரிச்சாங்களே, அவங்களா?” என்றார் அப்பா.

அம்மா (பாதி கன்னடத்தில், சும்மா இரு என்று): “சும்னிரு ஜெசி. இன்னொரு கால் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

அப்பா ஏசி மெக்கானிக். போன மாதம்தான் ஸ்.அ. வீட்டில் அந்த நீலத் திரை அறைக்குப் புது ஏசி மாட்டினார். அதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். “கட்டில்கூட இல்லப்பா அந்த ரூம்ல. பெரிசா ஒண்ணு, துணி போட்டு மூடி வெச்சிருந்தாரு. ராப்பகலா ஓடணும், பதினெட்டுல வைக்கணும்னாரு. பெங்களூர் மழைக்கு எவன் ஏசி போடுவான்? கேக்கலை. கஸ்டமர்.”

ஜூலை 10, வியாழன்

வெயில், கொஞ்சூண்டு. சித்தி போர்வைகளை மொட்டை மாடியில் காயப்போட்டாள். என்னையும் ஒரு கிளிப் போட்டுத் தொங்கவிடச் சொன்னேன். முறைத்தாள்.

சிரிப்பு தினமும் வருகிறது. கவனித்ததில் தெரிந்தது: அது சிரித்துவிட்டு நிறுத்துகிறது. காத்திருக்கிறது. மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பம். அந்த மௌனம் எனக்குப் பழக்கம். வகுப்பில் ஒரு கடி ஜோக் போட்டு, யாராவது சிரிப்பார்களா என்று பார்க்கும்போது வருகிற மௌனம்.

பாவமாக இருந்தது. என் பேய்ச் சிரிப்பைத் தொண்டையிலிருந்தே எடுத்து, வால்யூம் குறைத்து, அந்த இடைவெளியில் வைத்தேன்.

உடனே பதில். நான் விட்ட இடத்தில் அது எடுத்தது, அது விட்ட இடத்தில் நான். சித்தி தோசைக் கரண்டியோடு ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மா.க.வுக்குள் அரிப்பு. பின்னல் ஊசி விட்டுச் சொறிந்தேன். சுகம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

ஜூலை 12, சனி

நுஸ்ரத் வந்தாள், பிரேசர் டவுனிலிருந்து, நோட்ஸும் சமோசாவும். லேப் விஷயத்தில் பாதி மாட்டியவள். முழுதாக மாட்டியவள் நான்.

“க்யா ரே ஜெசி, பேய் இப்ப பெட் ரெஸ்ட்டா?”

அவள் இருக்கும்போதே ஸ்.அ. அறையைக் கழுவினார். திரையை ஒதுக்கி, சன்னலைத் திறந்து, தண்ணீரை வெளியே தள்ளினார். அப்போது பார்த்தோம். இடுப்பளவு கூண்டு. உள்ளே ஒரு பறவை.

மைனாவைவிடப் பெரிசு. உடம்பு கரும்பழுப்பு. தலை மட்டும் பளீரென்று வெள்ளை, முக்காடு போட்ட மாதிரி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. லூர்து சிஸ்டர் கூலிங் கிளாஸ் மாட்டினால் எப்படியோ அப்படி. பெயர் வைத்தாயிற்று: மதர் சுபீரியர். சுருக்கமாக மதர்.

நுஸ்ரத் போனை நீட்டிப் படம் எடுத்தாள். அவளே தேடினாள். (நான் தொடவில்லை. சத்தியம் பத்திரம்.) உலகப் படம் முழுக்கச் சாம்பல் நிறம். ஒரே ஒரு தீவில் மட்டும், மலைத்தொடர் ஓரமாக, கோடு கிழித்தாற்போல் பச்சை. சுமத்ரா. அந்தத் தீவின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது என்று போட்டிருந்தது. மர்பி டவுனை விட்டுவிட்டார்கள்.

இந்த ஜாதிப் பறவைக்குத் தமிழில் சிரிப்பான் என்று பெயராம். நீலகிரியில் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு.

சித்தி டீயோடு வந்தாள். “இன்னாப் பறவ அது?”

“சுமத்ராச் சிரிப்பான், சித்தி.”

“யாரு சும்மாத் தரா?”

“சும்மா இல்ல, சுமத்ரா. தீவு. பேரு சிரிப்பான்.”

“யாரு சிரிப்பான்?”

“அதான் பேரே. சிரிப்பான்.”

“சரி, எப்ப சிரிப்பான்?”

நுஸ்ரத் டீயை மூக்கு வழியாக விட்டாள்.

மிச்சத்தையும் படித்தாள் அவள். கூட்டமாகத்தான் வாழும். ஒன்று ஆரம்பித்தால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்தக் குரலுக்காகவே பிடித்துப் பிடித்து விற்று, காட்டில் இப்போது கொஞ்சம்தான். அப்படியென்றால் அந்த இடைவெளி, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டிய இடம்.

ஸ்.அ. சன்னலை மூடும்முன் இன்னொன்றும் பார்த்தேன். அலகுக்கு மேலே இறகு இல்லை. தோல் சிவந்து புண். கம்பியில் முட்டி முட்டி.

ஜோக் எதுவும் வரவில்லை. அதையும் குறித்து வைக்கிறேன், அபூர்வம்.

ஜூலை 13, ஞாயிறு

எல்லோரும் பூசைக்கு. நான், மா.க., மதர். மூவரும் பூசைக்குப் போகாத பாவிகள். ஏசி சத்தம். கொஞ்சம் சிரித்துக்கொண்டோம்.

மத்தியானம், பிரியாணி நடுவில், அப்பா: “ஸ்டேன்லிக்கு என்னமோ ஆயிடுச்சு. வெள்ளிக்கிழம அந்த ஏசியக் கழட்டிடணுமாம். இனிமே தேவைப்படாதாம். வியாழக்கிழம ஓசூர்லருந்து பெரிய பார்ட்டி வருதுன்னு ஒரே குஷி.”

கையிலிருந்த துண்டு தட்டில் விழுந்தது. விற்கப் போகிறார்.

எல்லாம் சொன்னேன். தீவு, கூண்டு, புண். நுஸ்ரத் அனுப்பிய படத்தை அம்மா போனில் காட்டினேன். திரை, கம்பி, நடுவில் வெள்ளையாக ஒரு மங்கல்.

“கொக்கு” என்றார் அப்பா.

“கொக்குக்கு யாருப்பா ஏசி போடுவாங்க?”

“பர்மிட் இருக்கும் ஜெசி.”

“கேளுங்க.”

“பக்கத்து வீட்டுக்காரன்கிட்டப் போயி பர்மிட் காட்டுன்னா? நாளைக்கு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? உனக்கென்ன, நீ சன்னலச் சாத்திக்குவ.”

அம்மா என் பின்னல் ஊசியைத் தலையணை அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். நோட்டு உறைக்குள் இருந்ததால் தப்பியது.

நான் சொல்வது உண்மையாக இருக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் தப்புத்தான். மாதிரி காட்டியதில்லை.

ஜூலை 14, திங்கள்

சாம்பல் வானம். மதர் காலையில் மட்டும் சிரித்தாள்.

திட்டம். வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். நான்: சத்தியம். அப்பா: கஸ்டமர். அம்மா: முதலில் எனக்கு ஜுரம் பார்ப்பாள். நுஸ்ரத்: கல்லூரியில் இருப்பாள், போன் கேட்டில் வாங்கிவிடுவார்கள். மிச்சம் சித்தி.

“நான் எப்டிடி? எனுக்கு இன்னா கன்னடம் தெரியும்?”

தமிழிலேயே பேசியிருக்கலாம். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் புரியும். அரசாங்க ஆபீஸ், கன்னடத்தில் சொன்னால்தான் மதிப்பு என்று நான் மேதாவித்தனம் செய்தேன். ஒரு சீட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தேன்:

நம்ம எதுரு மனேலி ஃபாரின் ஹக்கி கூடி ஹாகித்தாரெ. பேக பன்னி.

அதாவது, எங்கள் எதிர்வீட்டில் வெளிநாட்டுப் பறவையை அடைத்து வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் வாருங்கள்.

சித்தி படித்துப் பார்த்தாள். “ஆபீசரப் போயி பன்னின்னா சொல்றது?”

“வாங்கன்னு அர்த்தம், சித்தி.”

“நல்ல பாஷ.”

இங்கே சிக்னல் இல்லை என்று துணி எடுக்கும் சாக்கில் மாடிக்குப் போனாள். நான் கட்டிலில். காத்திருப்பது மாதிரிக் கொடுமை வேறில்லை. நகம் எல்லாம் காலி.

பெரிய வெற்றியோடு இறங்கி வந்தாள். “சொல்டேன். மொதல்ல எடுத்தவரு, இது எங்க வேல இல்லம்மான்னு வேற நம்பர் குடுத்தாரு. அதுல ஒருத்தர் ரொம்ப ஆர்வமா, அரகொறத் தமிழ்ல கேட்டாரு. எந்த வீடு, எவ்ளோ கீது, எந்த ஊர்லருந்து வந்துச்சு, ராத்திரில வண்டி வருதா, எல்லாம். சீலையான்னுகூட கேட்டாரு.”

“சேலையா? எதுக்கு?”

“கூண்டு மேல போட்டுக்கீற துணியக் கேக்கறார்னு ஆமான்னு சொல்டேன். நாளைக்கு வர்றாங்களாம்.”

கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தேன். வேறு நம்பர் எதற்கு என்று யோசிக்கவே இல்லை. என் மண்டைக்கும் ஒரு மா.க. போட வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து சித்தியின் கோலம் மாதிரி. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கீழே ஜீப். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் தராசு. இன்னொருவர் கையில் குத்தூசி, மூட்டையில் குத்தி அரிசி எடுத்துப் பார்ப்பார்களே, அது.

பறவையை எதற்கு எடை போடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு விளங்கியது.

சித்திக்கு ‘ஹ’ வராது. ஹக்கி என்றால் பறவை. அக்கி என்றால் அரிசி. ‘கூடி ஹாகு’ என்பதோ இரண்டுக்கும் பொது. அடைத்து வைப்பதும் அதுதான், பதுக்கி வைப்பதும் அதுதான். ‘சீல’ என்றால் மூட்டை. ஆக எதிர்வீட்டில் வெளிநாட்டு அரிசி, மூட்டைக் கணக்கில் பதுக்கல். வந்திருப்பது உணவுத் துறை.

“சித்தி, நீங்க அக்கின்னா சொன்னீங்க?”

“ஆமா, நீ எழுதுனதத்தான் படிச்சேன். அக்கி.”

எதிரில் கதவு தட்டும் சத்தம். சந்து குறுகல், ஒரு வார்த்தை தப்பாது.

“அக்கி எல்லி?” என்றார் தராசுக்காரர். அரிசி எங்கே.

ஸ்.அ.வும் நம் ஆள். அவருக்கும் ‘ஹ’ கிடையாது. அவர் காதில் பறவை எங்கே என்று விழுந்தது. “அக்கியா? நம்ம மனேல அக்கியே இல்ல சார்” என்றார். குரலே போய்விட்டது.

“அரிசியே இல்லாத வீடா? அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?” என்று கன்னடத்தில் அதட்டல்.

“ஐயோ சார், நாவு அதன்ன தின்னல்ல சார்.” நாங்கள் அதைச் சாப்பிடமாட்டோம் சார்.

சத்தியமாக, என் வாழ்நாளில் நான் செய்த எந்தக் குறும்பும் இதன் பக்கத்தில் வராது. இதையும் நான் செய்யவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நின்றது எப்போது என்றால், நீலத் திரை விலகியபோது.

அவர்கள் அடுப்படி டிரம்மில் குத்தூசி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்.அ. இந்த அறைக்கு ஓடி வந்து, சன்னலைத் திறந்து, கூண்டுக் கதவைத் திறந்து சன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். மதர் வரமாட்டேன் என்கிறாள். உள்ளே கை விட்டுத் தள்ளினார். வெளியே.

பறந்தாள். பறந்தாள் என்பது மரியாதைக்கு. விழுந்து, தடுமாறி, கேபிள் ஒயரைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வெளிச்சம் பார்த்திருக்கமாட்டாள், இந்த ஊரில்.

ஒரு காக்கா வந்தது. இரண்டு. டிஷ் ஆன்டெனா மேலே நாலு. ஒன்று பக்கத்தில் போய் வாலைப் பிடித்து இழுத்தது. மேலே ஒரு பருந்து வட்டம் போட ஆரம்பித்தது. மதர் ஒயரை விடவில்லை. எங்கே போவாள். மரமா, கூட்டமா, மலையா, எது இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த இடத்துக்கு நடுவில் ஒரு கடல்.

அவள் சிரித்தாள். அரை சிரிப்பு. நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில் நான் சிரித்தேன். சிரிக்கிற நிலையில் இல்லை. கண்ணில் தண்ணீர், ஆனாலும் அந்தச் சிரிப்புத்தான், ஏறி ஏறி. காக்காய்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. மறுபடி. மறுபடி.

வந்தாள். என் சன்னல் கம்பிக்கு நடுவே நுழைந்து, என் தலைக்கு மேலே.

“சித்தி, ஃபேன்” என்று கத்தினேன். சித்தி பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். இறக்கை சுற்றி ஓயும் வரை மூச்சு விடவில்லை. மதர் பீரோ மேலே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் நான் ஊன்றுகோலை நீட்டி, சன்னல் கண்ணாடியைத் தள்ளிச் சாத்தினேன். டக்கென்று கொக்கி விழுந்தது.

அவளை வெளியே விட வேண்டும் என்று இத்தனை நாள் குதித்தது நான். அடைத்ததும் நான்.

அப்பா சாப்பிட வந்த நேரம். படியேறும்போதே பின்னால் ஸ்.அ.வும். (அரிசி ஆட்கள் டிரம்மில் ரேஷன் அரிசிகூட இல்லை என்று எரிச்சலோடு போய்விட்டார்கள்.) அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நானும் சித்தியும். வெளியே பேச்சு.

“ஜெசி ரூமுக்குள்ள என்னோட பறவ ஒண்ணு வந்துடுச்சு. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

அப்பா கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். அலகுக்கு மேலே இருந்த புண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம். கதவைச் சாத்தினார்.

“உள்ள எதுவும் இல்ல ஸ்டேன்லி.”

அந்த நேரம் பார்த்து மதர் சிரித்தாள். நான் அவசரமாகச் சேர்ந்துகொண்டேன்.

“கேட்டீங்களா” என்றார் அப்பா, “கால் ஒடஞ்சும் கொழுப்பு அடங்கல. காலேஜ்லயே இப்படித்தான் சிரிச்சு மாட்டுனா. ஊருக்கே தெரியும்.”

என் கெட்ட பெயரை இவ்வளவு பத்திரமாக யாரும் உபயோகித்ததில்லை.

பிறகு ஸ்.அ. குரல், தணிந்து. “பப்பாளி நல்லாச் சாப்பிடும். வெயில் ஆகாது. ஈரத்துணி போட்டு வைக்கணும்.” செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

அப்பா வனத்துறைக்குப் போன் போட்டார். மனப்பாடம் செய்கிற மாதிரி முதலில் வராந்தாவில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். “ஹக்கி. ஹ. ஹக்கி.”

ஜூலை 16, புதன்

மழை, உண்மையான மழை.

வனத்துறையிலிருந்து ஒரு மேடமும் டிரைவரும். மேடம் பெயர் கீதா. தமிழ் நன்றாகவே வருகிறது, தமிழ்நாட்டுப் பக்கம் பூர்வீகமாம். சித்தி என்னைப் பார்த்த பார்வை.

வலையெல்லாம் தேவைப்படவில்லை. நான் சிரித்தேன், இறங்கினாள், கட்டில் கம்பியில். மேடம் துண்டைப் போட்டு எடுத்துவிட்டார். இரண்டாவது முறை என் சிரிப்பை நம்பி வந்து மாட்டுகிறாள்.

“காட்டுல விட்டுடுவீங்களா மேடம்?”

“எந்தக் காட்டுல? இங்க விட்டா இதுக்கு ஆளே கிடையாது. தனியா எத்தன நாள் இருக்கும்?”

“அப்ப அந்தத் தீவுக்கு?”

“அதுக்கு ரெண்டு அரசாங்கம் பேசணும்மா. கேஸ் இருக்கு. அதுவரைக்கும் எங்ககிட்டப் பெரிய கூண்டு இருக்கு. மரமெல்லாம் இருக்கும் உள்ள.”

பெரிய கூண்டு.

ஆணா பெண்ணா என்று கேட்டேன். பார்த்துச் சொல்ல முடியாதாம். சோதனை செய்ய வேண்டுமாம். மதர் ஒருவேளை ஃபாதராக இருக்கலாம்.

பெட்டிக்குள் சத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

எதிர்வீட்டில் ஸ்.அ.விடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். யாரோ வாங்கி வைக்கச் சொன்னார்கள் என்றாராம். அம்மா நேற்று மீந்த குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் வீட்டுக்குச் சித்தியிடம் கொடுத்தனுப்பினாள். ஏன் என்று கேட்டேன். “சும்னிரு” என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

அப்பா ஏசியைக் கழட்டினார். நீலத் திரையும் போய்விட்டது. காலி அறை, சுவர் முழுக்க எச்சத்தின் வெள்ளைக் கோடுகள்.

காலையில் பழக்க தோஷத்தில் சன்னலைப் பார்த்து ஒரு சிரிப்பு. சந்தில் பால்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கெமிஸ்ட்ரி படித்தேன். பிணைப்புகள் பற்றிய பாடம். பிணை, கட்டு, கூடு, கூண்டு. தமிழில் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஜூலை 21, திங்கள்

கீதா மேடம் அப்பாவுக்குப் போன் செய்தார். மதர் சரியாகச் சாப்பிடவில்லையாம். பப்பாளி வைத்தால் திரும்பிக்கொள்கிறதாம். ஒரு சத்தம்கூட இல்லை. இப்படியே போனால் கஷ்டம் என்றாராம். அப்புறம் தயங்கி, “உங்க பொண்ணோட சிரிப்ப ரெக்கார்ட் பண்ணி அனுப்ப முடியுமா?”

அம்மா தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். “சத்தியம்?” என்றேன்.

“போன் பண்ணாதேன்னுதான் சத்தியம். சிரிக்காதேன்னு இல்ல.”

அழுத்தினேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. இருமல் வந்தது. மறுபடி முயற்சி, கழுதை கத்தியது மாதிரி. லேபில், பேருந்தில், பூசை நடுவில், செபமாலைக்கு நடுவில், கேட்காதபோதெல்லாம் வந்த சிரிப்பு. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று என் வாயைப் பார்க்கிறார்கள். அப்பா “சிரி, சிரி” என்று பல் டாக்டர் மாதிரி.

“பயமாக் கீதாடி?” என்றாள் சித்தி.

தலையாட்டினேன். அழுதேவிட்டேன்.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். யோசித்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, அந்தச் சீட்டில் இருந்த அதே குரலில், போனைப் பார்த்து, “பேக பன்னி” என்றாள்.

வந்துவிட்டது. அம்மாவுக்கும். அப்பாவுக்குமே. முதலில் நான், மேலே ஏற ஏற ஒவ்வொருவராக. நான்கு பேர். ஒரு கூட்டம் என்று சொல்லலாம்.

வெட்டாமல் அப்படியே அனுப்பினோம்.

ஜூலை 22, செவ்வாய்

தூறல். மா.க. ஓரத்தில் நனைந்து நாற்றம். அம்மாவிடம் திட்டு.

மேடத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ், அம்மா சித்தி போனுக்கு அனுப்பிவிட்டது. எல்லோரும் வேலைக்குப் போயாயிற்று, நானும் சித்தியும்தான். சித்தி போனைக் காதோடு வைத்துக் கேட்டோம்.

முதலில் கிளிகள் கத்துகின்றன. யாரோ இரும்புக் கதவைச் சாத்துகிறார்கள். பிறகு நாங்கள். எங்கள் சிரிப்பு அங்கே, பெரிய கூண்டுக்குள், கரகரவென்று. முடிகிறது. மௌனம். மழைச் சத்தம் மட்டும், அங்கேயும் மழை.

ரொம்ப நேரம் மழை.

அப்புறம் ஒன்று. மெதுவாக. ஆரம்பம் மட்டும். ஏறவில்லை, பாதியில் நின்றது.

“அதானாடி?” என்றாள் சித்தி.

“அதேதான்.”

“ஏன் நிறுத்திட்சு?”

“நம்ம முறை, சித்தி.”

மறுபடி போட்டோம். சித்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது விட்ட இடத்திலிருந்து சிரிப்பை எடுத்தாள்.